பகலில் இருட்டு, இரவில் சத்தம்: சுவரை மாற்றினால் மனம் தேறுமா?

கடிதத்தின் சுருக்கம்

இந்த வாரக் கடிதம் சென்னைப் புறநகரிலிருந்து. எழுதியவருக்கு வயது 39. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, நான்கு பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

டெல்டா பக்கத்துச் சிற்றூரில் சொந்த வீடு. முற்றத்து வெளிச்சத்தில் ஸ்டாண்டைப் போட்டு ஆரி வேலை செய்துகொண்டிருந்தார். கல்யாண சீசனில் தெருப் பெண்கள் இரண்டு பேர் கூட உட்கார்ந்து தைப்பார்கள். கைச்செலவு போகக் கொஞ்சம் மிச்சமும் பிடித்திருக்கிறார். கணவருக்குச் சென்னைக்கு மாற்றலாகி, ஒன்றரை வருடத்துக்கு முன் குடும்பம் இடம்பெயர்ந்தது. முதல் மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை ஃபிளாட். முன்னறை சாலைப் பக்கம். எதிர் மனையில் அடுக்குமாடி கட்டுகிறார்கள், ராத்திரி பதினொரு மணி வரை மெஷின் ஓடுகிறது. பின்னறை ஜன்னலைத் திறந்தால் கையை நீட்டினால் தொடும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் நான்கு ஏசி அவுட்டோர் யூனிட்டுகள். இவர்கள் வீட்டு ஏசி முன்னறையில் இருப்பதால் எல்லோரும் அங்கேதான் படுக்கிறார்கள். ஹாலில் மாமியார் பகல் முழுக்க டிவி பார்ப்பதால் இவர் பின்னறையிலேயே இருந்துவிடுகிறார். அங்கே ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஊசிமுனை சரியாகத் தெரிவதில்லை என்று ஸ்டாண்டை மடித்துப் பரணில் போட்டு ஒரு வருடம் ஆகிறது.

ஐந்து மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது. காரணமில்லாத அழுகை, மகன் மேல் எரிச்சல், தலைவலி, எதைச் செய்யவும் மனமில்லை. மனநல மருத்துவர் ஒருவர் மாத்திரை எழுதித் தந்து ஐந்து வாரம் ஆகிறது, 'கொஞ்சம் பரவாயில்லை' என்கிறார். இதற்கிடையில், சுற்றுப்புறமும் கலையும் மூளையையே மாற்றும் என்று ரீல்ஸில் பார்த்துவிட்டு ஒரு இன்டீரியர்காரரை வரவழைத்திருக்கிறார். அவர் கொடுத்த கொட்டேஷன் 2,80,000 ரூபாய். படுக்கையறைக்கு 'மனதை அமைதிப்படுத்தும்' இளஞ்சிவப்புப் பெயின்ட், ஹாலில் மாடர்ன் ஆர்ட் படங்கள், மகன் படிக்கும் இடத்தில் மொசார்ட் இசைக்கு ஸ்பீக்கர், வாசனை டிஃப்யூசர். இதற்காக நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார். கணவர், "செவுத்தப் பாத்து யாருக்காவது வியாதி வருமா?" என்று முடித்துக்கொண்டார்.

அவருடைய கேள்விகள்: என் பிரச்சினை வீடா, மனமா? வீட்டை மாற்றினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? ஆறாம் வகுப்பு மகனின் மதிப்பெண் இறங்குவதற்கும் இந்த வீடுதான் காரணமா?

பதில்

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, "சில நாள் காலையில் கண் முழிக்காமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றும், அது போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் போகட்டும் என்று என்னால் விட முடியாது. உங்கள் மருத்துவரிடம் இதைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய், இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இது வெறும் எண்ணமாகத்தான் இருக்கிறதா, அல்லது எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போடத் தொடங்கிவிட்டதா என்று அவர் கேட்பார். மறைக்க வேண்டாம். ராத்திரியில் எண்ணம் அழுத்தினால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் போன் போடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தாங்க முடியாத நிலை என்றால் கணவரை எழுப்பி, பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி மற்றவற்றுக்கு வருகிறேன்.

மாத்திரையை நிறுத்த வேண்டாம்

வீட்டினால் வந்த வாட்டம், வீடு சரியானால் மாத்திரை எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமாகத்தான் படும். ஆனால் தூண்டியது எதுவாக இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் சோர்ந்து, தூக்கமும் ஆர்வமும் போய், சாவைப் பற்றிய எண்ணமும் வந்துவிட்டால் அதை மனச்சோர்வு நோயாகவே எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது.

நீங்கள் பெயர் குறிப்பிட்டிருக்கும் மாத்திரை வேலையைத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். ஐந்தாவது வாரத்தில் 'கொஞ்சம் பரவாயில்லை' என்றால் சரியான வழியில் போகிறது என்று பொருள். மனச்சோர்வுக்கான இந்த வகை மாத்திரைக்கு மனிதர் அடிமையாவதில்லை. மதுவைப் போல நாளுக்கு நாள் அளவைக் கூட்டச் சொல்லி மனம் கேட்காது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் தொட்டதுபோல ஒரு வெட்டு, எரிச்சல் எல்லாம் சில நாளோ சில வாரமோ படுத்தும். அதைப் பார்த்துத்தான் பலரும் 'அடிமையாகிவிட்டேன்' என்று பயப்படுகிறார்கள். முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், முழுக்கத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைப்பதே வழக்கம்.

இன்னொன்று. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 ஆகிய பரிசோதனைகள் செய்தீர்களா? உங்கள் வயதில் இவற்றில் ஒன்று குறைந்தாலும் சோர்வு, எரிச்சல், மறதி எல்லாம் வரும். பெயின்ட் செலவை யோசிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் வீட்டுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. உங்கள் கணவரின் கேள்விக்கு நேரடிப் பதில் ஒன்று உண்டு. 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். வயது, பால், புகைப்பழக்கம் போன்றவை ஒத்துவருகிற மாதிரி ஜோடி ஜோடியாகச் சேர்த்து ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் தெரிந்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. வலிக்கு வீரியமான மருந்தும் முதல் கூட்டத்துக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், முக்கால் நாள் வித்தியாசம்தான். ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடப்பது உடம்பை ஒன்றுமே செய்யாது என்று இனி யாரும் சட்டென்று சொல்லிவிட முடியாது.

கணவர் காலையில் போய் இருட்டியபின் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. லாஸ் ஏஞ்சலஸில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. தம் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது 'அடைசல்', 'முடியாத வேலை' என்கிற மாதிரி அதிகம் பேசிய மனைவிமாருக்கு, காலையில் ஏறிப் பொழுது சாயச் சாய இறங்க வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. கணவன்மாரிடம் இந்தத் தொடர்பு தென்படவில்லை. ஒரே வீடு, இரண்டு விதமான சுமை. இதைச் சண்டைக்கு ஆதாரமாக அல்ல, விளக்கிச் சொல்ல வசதியாகத் தருகிறேன்!

ஆனால் ரீல்ஸ் சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகம். வீடு மூளையைத் தொடுவது பெரும்பாலும் சுவரின் நிறம் வழியாக இல்லை. வெளிச்சம், சத்தம், வெக்கை, கைக்கு வேலை, பேச்சுக்கு ஆள் என்ற சாதாரண வழிகளில்தான். உங்கள் கடிதத்தில் எனக்குப் பளிச்சென்று பட்டது ஒன்று: நீங்கள் பகலை இருட்டறையிலும் இரவைச் சத்த அறையிலும் கழிக்கிறீர்கள். இருக்கிற இரண்டு அறைகளையும் அப்படியே தலைகீழாகப் பயன்படுத்துகிறீர்கள்.

வெளிச்சம்

நம் விழித்திரையில் பார்ப்பதற்கான குச்சி செல்கள், கூம்பு செல்கள் தவிர இன்னொரு வகை செல்லும் இருப்பது 2002 வாக்கில் உறுதியானது. இவற்றின் முக்கிய வேலை 'இப்போது பகலா, இரவா' என்று மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் உடற்கடிகாரத்துக்குச் சொல்வது. அந்தத் தகவலை வைத்துத்தான் எப்போது விழிப்பு, எப்போது தூக்கம், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும் என்பதெல்லாம் முடிவாகிறது. இந்தச் செல்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் போதாது. உச்சி வெயிலில் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும், மரநிழலிலும் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ட்யூப்லைட் போட்ட அறையில் 100 முதல் 300 வரை இருந்தால் அதிகம். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும். கடிகாரம் ஏமாறாது.

போனில் இலவச லக்ஸ் மீட்டர் ஆப் இருக்கிறது. துல்லியமாக இருக்காது, ஆனால் வித்தியாசம் காட்டும். காலை எட்டு மணிக்கு முன்பக்க பால்கனியிலும் பின்னறையிலும் வைத்துப் பாருங்கள். கணவரிடம் காட்ட அந்த இரண்டு எண்ணே போதும்.

அந்த பால்கனியில் வாஷிங் மெஷின், உடைந்த சைக்கிள், பிரிக்காத அட்டைப்பெட்டிகள், தண்ணீர் கேன்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். வாஷிங் மெஷினைத் தவிர மற்றதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காலியாகும். பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது. ஆரி ஸ்டாண்டை அங்கே, அல்லது பால்கனிக் கதவை ஒட்டி ஹாலுக்குள் போடுங்கள். மாமியாரின் டிவி பக்கத்தில்தான் ஓடும். அதற்கு ஒரு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கித் தாருங்கள். வேண்டாம் என்றால் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சத்தம் குறைவு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் நேரம் குறித்துக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், மொத்தமாக நிறுத்தச் சொன்னால்தான் கோபம் வரும்.

காலையில் மகனை ஸ்கூல் வேன் ஏற்றிவிட்டு அப்படியே அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். வெயில் ஏறும் முன் கிடைக்கிற அந்த வெளிச்சம், உங்களுக்கு இரவில் தூக்கம் வரும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தும்.

இரவில் சத்தம்

தூங்கும்போதும் காது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. முழுக்க விழிப்பு வராவிட்டாலும் ஒவ்வொரு இரைச்சலுக்கும் இதயத்துடிப்பு ஏறும், ஆழ்ந்த தூக்கம் கலையும். 'எட்டு மணி நேரம் படுத்தேன், ஆனால் தூங்கினதாகவே இல்லை' என்று நீங்கள் எழுதியது இதைத்தான். சாலைப் போக்குவரத்துச் சத்தம் இரவில் 45 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்குப் பரிந்துரைத்தது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலும் குடியிருப்புப் பகுதிக்கு இரவு அளவு 45தான், பகலுக்கு 55. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை.

அதே விதிகளின்படி, சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களைக் குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் இயக்கக் கூடாது. எனவே பத்து மணிக்கு மேல் மெஷின் ஓடுவதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதலில் மேஸ்திரியிடமோ சைட் இன்ஜினியரிடமோ பேசுங்கள். கேட்கவில்லை என்றால் நேரமும் வீடியோவும் குறித்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகாமல் ஃபிளாட் அசோசியேஷன் பெயரில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துடன் கொடுத்தால் மதிப்பு அதிகம், பகையும் ஒருவர் தலையில் விழாது.

அதுவரை பின்னறையில் படுங்கள். இருட்டும் அமைதியும் தூக்கத்துக்கு வேண்டியவை, அந்த அறையில் இரண்டும் இருக்கின்றன. காற்றுதான் இல்லை, வெளியே ஏசி யூனிட்டுகளின் வெக்கை வேறு. வெக்கையை அலட்சியப்படுத்தச் சொல்ல மாட்டேன். பாஸ்டனில் 2016 கோடையின் வெப்ப அலையின்போது ஏசி இல்லாத விடுதியில் தூங்கிய கல்லூரி மாணவர்கள், ஏசி உள்ள விடுதியில் இருந்தவர்களைவிடக் காலைச் சோதனைகளில் மந்தமாகவே பதில் சொன்னார்கள். ஆகவே ஏசியைக் கழற்றிப் பின்னறையில் மாட்ட என்ன செலவாகும் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். சுவரில் துளை போட வீட்டு உரிமையாளர் சம்மதம் வேண்டும், வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் முன்னறையிலேயே படுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பானும் கனமான திரையும் போட்டுப் பாருங்கள். முழுத் தீர்வு ஆகாது, ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

அந்த 2,80,000 ரூபாய்

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இளஞ்சிவப்புப் பெயின்ட்: 1979இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறை ஒன்றில் ஓர் அறைக்கு இந்த நிறத்தை அடித்துவிட்டு, கைதிகளின் ஆவேசம் குறைந்ததாகச் சொன்னார்கள். செய்தி உலகமெல்லாம் பரவியது. பிறகு முறையாகச் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் தென்படவில்லை. 2014இல் சுவிட்சர்லாந்துச் சிறையில் சோதித்தபோதும் இல்லை. இளஞ்சிவப்பு பிடித்திருந்தால் அடியுங்கள், மருந்து என்று நினைத்து அடிக்க வேண்டாம். உண்மையில் உங்கள் பின்னறைக்குத் தேவை வெள்ளை அல்லது வெளிர் நிறம், இருக்கிற வெளிச்சத்தையாவது அது சிதறடிக்கும். வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை வெள்ளையடிப்பது பொதுவாக வீட்டு உரிமையாளர் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடமே கேளுங்கள்.

மாடர்ன் ஆர்ட்: அழகு என்று நமக்குப் படுகிற ஓவியத்தைப் பார்க்கும்போது, கண்களுக்கு மேலே நெற்றியின் பின்புறம் இருக்கும் மூளைப் பகுதி சுறுசுறுப்பாகிறது என்று லண்டனில் செமிர் செகியும் அவருடைய குழுவினரும் ஸ்கேனில் காட்டியிருக்கிறார்கள். நல்ல ஆய்வு. ஆனால் பிடித்த பலகாரம் சாப்பிட்டாலும் அந்த வட்டாரம் சுறுசுறுப்பாகும். ஸ்கேனில் வெளிச்சம் வருவதும் நோய் தீருவதும் ஒன்றில்லை. அதோடு, 'நமக்கு அழகு' என்பதுதான் அங்கே முக்கியம், இன்டீரியர்காரருக்கு அழகாக இருந்து என்ன பயன்? ஸ்வீடனின் உப்சாலா நகரில் இதய அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களின் கட்டிலெதிரே படம் வைத்துப் பார்த்தார்கள். நீரும் மரமும் இருந்த படம் பதற்றத்தைக் குறைத்தது. கோடும் கட்டமுமான அரூப ஓவியம் வைத்தவர்களுக்குப் படமே வைக்காதவர்களைவிடப் பதற்றம் கூடியது. நீங்களே பதற்றமாக இருக்கும்போது உங்கள் ஹாலில் கட்டம் கட்டமாக நான்கு படம் மாட்ட நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஊர் வீட்டு வாசலையோ வாய்க்காலையோ எடுத்த போட்டோ போனில் இருக்குமே, அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டால் சில நூறு ரூபாய்தான். உரிமையாளர் ஆணி அடிக்க விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒட்டுக் கொக்கி வாங்கி மாட்டலாம்.

டிஃப்யூசர்: வாசனை பிடித்தால் ஊதுபத்தி இருக்கிறது. அடைத்த பின்னறையில் அதையும் அளவாக.

'நல்ல சுற்றுப்புறம் மூளையை வளர்க்கும்' என்று அந்த வீடியோவில் சொன்னதற்கும் ஒரு மூலம் உண்டு. 1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மரியன் டயமண்டும் சகாக்களும், விளையாட்டுச் சாமான்களும் கூட்டாளிகளும் உள்ள கூண்டில் வளர்ந்த எலிகளின் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு), வெறுங்கூண்டில் தனியாக வளர்ந்த எலிகளுடையதைவிடத் தடித்திருப்பதைக் கண்டார்கள். மகத்தான கண்டுபிடிப்புதான். ஆனால் அந்த எலிகளுக்கு யாரும் கூண்டில் ஓவியம் மாட்டவில்லை. ஓடியாட இடமும் உடன் விளையாட ஆளும் கொடுத்தார்கள்.

ஆக, நகையை அடகு வைக்க வேண்டாம். வட்டி கட்டும் கவலை, தூக்கத்துக்கு இன்னொரு பகையாகும்.

கை செய்யும் வேலை

உங்கள் கடிதத்தில் 'கலை' என்ற சொல் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வருகிறது, ஒரு இடத்தில்கூட உங்கள் ஆரி வேலையைப் பற்றி அல்ல. அதை 'சும்மா தைத்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிரேமில் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து ஒரு கை நூலைக் கொடுக்க, மேலிருந்து கொக்கி ஊசி அதைப் பிடித்து இழுக்க, செயின் ஸ்டிச் ஒன்றன் பின் ஒன்றாக விழும்போது கண், கை, கவனம் மூன்றும் ஒரே இடத்தில் நிற்கின்றன. மனச்சோர்வில் மனம் பழையதையே அரைத்துக்கொண்டிருக்கும், அப்போது அரைப்பதற்கு இடம் கொடுக்காத வேலை இது.

அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், வண்ணம், வெட்டி ஒட்டுதல் என்று இஷ்டம்போல் ஏதோ செய்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கார்டிசால் குறைந்தது. முன்பே பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு அமர்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை, அதனால் நான் இதை வானளாவப் புகழ மாட்டேன். ஆனால் படம் வாங்கி மாட்டுவதைவிட நீங்களே கையால் செய்வதற்குச் சாட்சி பலமாக இருக்கிறது. யூடியூபில் மண்டலா பார்த்து வரையத் தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக. ஆனால் உங்களுக்குத் தெரிந்த கை வேலை ஒன்று பரணில் கிடக்கும்போது புதிதாக ஒன்றைத் தேடுவானேன்?

ஒரு எச்சரிக்கை. உடனே ஆர்டர் எடுக்காதீர்கள். 'முகூர்த்தம் வெள்ளிக்கிழமை, பிளவுஸ் புதன்கிழமை வேண்டும்' என்ற நெருக்கடி இந்த நிலையில் வேண்டாம். முதல் மாதம் உங்களுக்காக, ஒரு நாளைக்கு அரை மணி நேரம், ஒரு மாங்காய் மோட்டிஃபோ ஒரு கொடியோ போதும். பாதியில் விட்டாலும் பரவாயில்லை. மனச்சோர்வில் முதலில் ஆர்வம் வந்து பிறகு வேலை தொடங்குவது என்பது அநேகமாக நடக்காது. பிடிக்காமலே உட்கார்ந்து தொடங்கினால், சில நாள் கழித்து ஆர்வம் மெல்ல எட்டிப் பார்க்கும். எங்கள் மனநலத் துறையில் இதை ஒரு சிகிச்சை முறையாகவே செய்கிறோம்.

ஊரில் உங்களோடு இருந்தவை வெளிச்சமும் ஊசியும் மட்டுமில்லை. கூட உட்கார்ந்து தைத்த இரண்டு பேரும், சொந்தமாக வந்த காசும் இருந்தன. சென்னையில் அந்த இரண்டும் போய்விட்டன. 'எதற்கும் கணவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது' என்ற உங்கள் வரியை நான் கவனித்தேன். எந்த இன்டீரியராலும் தர முடியாதது இது. ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் 'ஆரி கற்றுத் தருகிறேன், வாரம் இரண்டு நாள்' என்று போட்டால் இரண்டு பேராவது வருவார்கள். இது இரண்டாவது, மூன்றாவது மாதத்துக்கான யோசனை.

அப்புறம், கலையைப் பார்க்கவும் போகலாம். இங்கிலாந்தில் ஐம்பது வயதைக் கடந்த 6,710 பேரை 14 ஆண்டு தொடர்ந்து கவனித்ததில், சில மாதத்துக்கு ஒருமுறையாவது அருங்காட்சியகம், கச்சேரி, நாடகம் என்று போனவர்களிடம் இறப்பு விகிதம், எங்குமே போகாதவர்களைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. வசதி, உடல்நலம் போன்ற வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த எண் இது. அப்போதும், கலைதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. நடமாட முடிந்தவர்தானே வெளியே போகிறார்? இருந்தாலும் வீட்டை விட்டுக் கிளம்புவது, நடப்பது, நாலு பேரைப் பார்ப்பது எல்லாம் கூடவே வருகின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்கு ஒரு சனிக்கிழமை மகனோடு போய்விட்டு வாருங்கள். மார்கழியில் பல சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது.

மகனின் மதிப்பெண்

மொசார்ட் ஸ்பீக்கர் வேண்டாம். மொசார்ட் கேட்டால் அறிவு வளரும் என்ற பேச்சுக்கு மூலம், 1993இல் 36 கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சோதனை. பத்து நிமிடம் மொசார்ட் கேட்டவர்கள், காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன உருவம் வரும் என்கிற மாதிரிக் கணக்கில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள், அதுவும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. குழந்தைகளை அதில் சோதிக்கவே இல்லை. அதற்குள் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசை சிடி கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொன்னார்! பிந்தைய ஆய்வுகள், உற்சாகம் தரும் எதைக் கேட்டாலும் அந்தச் சிறு பலன் வரலாம் என்றுதான் காட்டின. மகனுக்கு ஆசை இருந்தால் மிருதங்கமோ கீபோர்டோ கற்றுக்கொள்ளட்டும், மார்க்குக்காக வேண்டாம்.

ஆனால் சத்தத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது சரி. நியூயார்க்கில் உயர்த்திக் கட்டிய ரயில் பாதை ஒட்டிய ஒரு பள்ளியில், ரயில் பக்கம் இருந்த வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் அமைதிப் பக்கத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருப்பதை 1975இல் ஆர்லின் பிரான்சாஃப்ட் என்பவர் சுட்டிக்காட்டினார். தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளும் வகுப்பறையில் ஒலி தடுக்கும் கூரையும் போட்ட பிறகு, 1981இல் அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. உங்கள் மகனின் மேசை முன்னறையில், சாலையைப் பார்த்த ஜன்னலடியில் இருக்கிறது. அதைப் பின்னறைக்கு மாற்றி, ஒரு நல்ல டேபிள் லேம்ப் வாங்கிப் போடுங்கள். பகலில் உங்களுக்குப் போதாத அறை, மாலையில் அவன் படிக்கப் போதும்.

மதிப்பெண் இறங்கியதற்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஊர் மாறியது, பள்ளி மாறியது, நண்பர்கள் போனது, அம்மா அழுவதைப் பார்ப்பது எல்லாம் அவனுக்கும் நடந்திருக்கின்றன. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடுகிறேன், உன்னால் இல்லை" என்று ஒரு நாள் அவனிடம் சொல்லிவிடுங்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். சொல்லாவிட்டால் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வான்.

கணவரிடம்

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டைப் பற்றி வாதம் செய்வதற்காக அல்ல, உங்கள் நிலை என்ன என்று மருத்துவர் வாயால் அவர் கேட்க வேண்டும். அந்தக் கடைசி வரியைப் பற்றியும் அவருக்குத் தெரிய வேண்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த அளவு போதுமா, எந்த வாரத்தில் மறுபரிசீலனை, ரத்தப் பரிசோதனை தேவையா, மாத்திரையோடு கவுன்சலிங்கும் தொடங்கலாமா. தனியார் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கும் போகலாம், பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அங்கே தினமும் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போல வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான்.

அறைகளை மாற்றிப் போட்ட பிறகு, ஆறு வாரம் கழித்துத் தூக்கம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அதற்குள் மனம் இன்னும் கீழே இறங்கினால் எனக்கு எழுதிக் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்.